சிதம்பரநாதன் சாரும் ஒரு வெள்ளைப் புள்ளியும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சார் என்னைப் போனில் கூப்பிட்டிருந்தார். "மேடம், ஞாயித்துக்கிழமை வாங்க. அந்தப் படத்த மறுபடி பிரிண்ட் போட்டிருக்கேன். இந்தத் தடவ நீங்களே ஒரு தீர்மானம் பண்ணிருங்க" என்றார். அது எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்குள் "அந்தப் படம்" என்றால் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் அவருடைய அபார்ட்மென்ட் வாட்ச்மேன் கூப்பிட்டார். "மேடம், சார் தலுப்பு தீயட்லேது" என்று தெலுங்கில் சொன்னார். கதவைத் திறக்கவில்லையாம். பால் பாக்கெட்டும் பேப்பரும் வாசலிலேயே கிடக்கின்றனவாம். போலாரத்திலிருந்து ஆட்டோ பிடித்து ஏ.எஸ்.ராவ் நகர் போய்ச் சேர்வதற்குள் பூட்டை உடைத்திருந்தார்கள். கண்ணாடியைக் கழற்றி மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கியவர், தூக்கத்திலேயே போயிருந்தார். டாக்டர் வந்து இதயம் என்றார். நான் ஹாலைத் தாண்டி உள்ளே போனேன். இரண்டாவது பாத்ரூமின் கதவு சாத்தியிருந்தது. அதுதான் அவருடைய இருட்டறை. கை தானாகப் போய்க் கதவைத் தட்டிற்று. "வரலாம்" என்று உள்ளேயிருந்து குரல் வரட்டும் என்று நின்றேன். பழக்கம் அப்படி. அனுமதி இல்லாமல் திறந்தால் வெளிச்சம் பட்டுப் பேப்பர் வீணாகிவிடும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. வாட்ச்மேன்தான் வந்து திறந்துவிட்டார்.

சிதம்பரநாதன் சாரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இளம் வயதில் இங்கே செகந்திராபாத்தில் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலைக்கு வந்தவர், ரிட்டயர் ஆகும்வரை கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தார். வாரத்தில் ஆறு நாள் அவர் யார் கண்ணிலும் படாத ஆள். ஏழாவது நாள் கழுத்தில் ஒரு பழைய கேமராவை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். மோண்டா மார்க்கெட், சுல்தான் பஜார், சார்மினார் பின்பக்கத்துச் சந்துகள் என்று வெயிலில் நடந்து கறுப்பு வெள்ளையில் படம் எடுப்பார். கலர் பிடிக்காது. "கலரு போட்டா ஜனங்க சட்டையத்தான் பாப்பாங்க, ஆளப் பாக்க மாட்டாங்க" என்பார்.

நான் அதே தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தேன். சர்க்யூட் போர்டில் சால்டர் வைத்த இடங்களை லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் வேலை. ஒட்டியிருக்கும் அழுக்கை மெல்லிய பிரஷ்ஷால் நான் துடைப்பதை ஒரு நாள் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. திரும்பி, "என்ன சார் வேணும்?" என்று கடுப்பாகக் கேட்டேன். "கை நடுங்கவே மாட்டேங்குது மேடம். நீங்க எனக்கு ஒரு உதவி செய்யணும்" என்றார்.

அந்த உதவிக்கு ஸ்பாட்டிங் என்று பெயர். ஃபிலிமில் தூசி இருந்தால் பிரிண்டில் அந்த இடம் வெள்ளைப் புள்ளியாக விழும். ஒரு மயிரிழை பிரஷ்ஷில் சாயத்தைத் தொட்டு, சுற்றியிருக்கும் சாம்பல் நிறத்துக்குப் பொருத்தமாக அந்தப் புள்ளியை அடைக்க வேண்டும். அவசரப்பட்டால் கறுப்பாகிப் படமே கெட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு ஹாலில் ஜன்னலோரமாக உட்கார்ந்து இந்த வேலையைச் செய்துகொடுப்பேன். அவர் மனைவி கோமதி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வார். இப்படித்தான் நான் அந்த வீட்டு ஆளானேன்.

அவருடைய படங்களில் கூட்டம் இருக்கும். ஆனால் படம் கூட்டத்தைப் பற்றியதாக இருக்காது. நடுவில் ஒருவர் மட்டும் அந்தக் கூட்டத்தைச் சேராதவராக நிற்பார். கல்யாண மண்டப வாசலில் எச்சில் இலை எடுக்கும் கிழவர், மழைக்கு ஒதுங்கிய ஜனங்களிடமிருந்து ஒரு அடி தள்ளி நிற்கும் பர்தா அணிந்த பெண், தள்ளுவண்டியில் கொய்யாக் குவியலுக்கு நடுவே தூங்குகிறவர். யாராவது கையை ஆட்டி, "ஃபோட்டோ நக்கோ சாப், நக்கோ" என்று வேண்டாம் சொல்லிவிட்டால் உடனே கேமராவை இறக்கிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு நாளும் திருட்டுத்தனமாக எடுத்ததில்லை.

தெரிந்தவர்களை எடுக்கவே மாட்டார். கோமதி அக்காவையும் எடுத்ததில்லை. "வீட்ல உள்ளவங்க கேமராவப் பாத்தா போஸ் குடுப்பாங்க. அதுல என்ன இருக்கு?" என்பார். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் படங்களைப் பார்ப்பார். "இவ்வளவு பேரு மூஞ்சியும் அவுகளுக்குத் தெரியுது. நான் புதுச்சேலை கட்டுனா மட்டும் தெரிய மாட்டேங்குது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். குழந்தை இல்லை. தெலுங்கு, காய்கறிக்காரரிடம் பேசும் அளவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமையும் சார் காலையில் காபி குடித்துவிட்டுப் போனால் மத்தியானம்தான் திரும்புவார். அதுவரை அக்கா என்ன செய்வார் என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

இருட்டறை சமாச்சாரத்தில் அக்காவுக்கு நிறையக் குறை உண்டு. விருந்தாளி வந்தால் ஒரு பாத்ரூம் பூட்டிக் கிடக்கும். வீடு பூரா, படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடி. ஒரு முறை ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அவசரமாகப் போய் அந்தக் கதவைத் தள்ள, உள்ளேயிருந்து சார், "திறக்காதீங்க! திறக்காதீங்க! இன்னும் ரெண்டு நிமிசம்!" என்று கத்தினார். பெரியவர் ஹாலுக்கு வந்து அக்காவிடம், "மாப்பிள்ளைக்கு வயிறு ரொம்ப மோசமா இருக்கு போல. ஓமம் போட்டுக் குடும்மா" என்றார். அக்கா அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை ஃப்ரிட்ஜில் இருந்தது. சாருக்கு ஒரு வழக்கம். எடுத்த ஃபிலிமை உடனே கழுவ மாட்டார். டப்பியில் தேதி எழுதி, ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வருஷம் கழித்துத்தான் வெளியே எடுப்பார். "எடுத்த அன்னைக்கு அந்த வெயிலு, பசி, அந்த ஆளு மேல வந்த பிரியம் எல்லாம் மனசுல இருக்கும். மோசமான படம்கூட நல்லா இருக்கிற மாதிரி தெரியும். எடுத்ததே மறந்து போகணும் மேடம். ஊறட்டும். அப்பத்தான் படம் தெரியும்" என்பார். எடுத்த படங்களைப் பற்றி அதுவரை மூச்சு விடமாட்டார். பேசினால் நினைவு தங்கிவிடுமாம். "தயிர் வைக்க இடமில்ல, இந்த டப்பிகளுக்கு இடம் இருக்கு" என்று அக்கா முணுமுணுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிரஷ்ஷும் கையுமாக இருக்கும்போது அக்கா சமையலறையிலிருந்து கேட்டார்: "ஏங்க, அந்த பேண்டு வாத்தியக்காரரு படம் எப்ப வரும்?" சார் ஏதோ ஸ்டூலை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். தலை நிமிராமல், "ஊறட்டும், ஊறட்டும்" என்றார். அதற்குப் பிறகும் சில தடவை கேட்டதாகப் பின்னால் சார் சொன்னார். எந்தப் படத்தைப் பற்றியும் கேட்காதவர் இதைப் பற்றி மட்டும் ஏன் கேட்டார் என்று அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார். தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சார் அழுது நான் பார்க்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரே ஒரு பிரிண்ட் இருந்தது. செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கத்து பஸ் ஸ்டாப். உச்சி வெயில். நடுவில் சரிகை வைத்த யூனிஃபாரமும் தொப்பியுமாக ஒரு பேண்டு வாத்தியக்காரர், பெரிய குழலைத் தோளில் சுமந்தபடி பஸ்ஸுக்கு நிற்கிறார். நல்ல படம். அப்படிச் சொல்ல வாயெடுத்தேன்.

"பின்னால பாருங்க" என்றார் சார்.

நிழற்குடைக்குள் பெஞ்சில் நாலைந்து பேர். அவர்களில் ஓரமாகக் கோமதி அக்கா. கையில் பை இல்லை. தனியாக உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு இவ வீட்லதான் இருந்தான்னு நெனச்சேன். நான் மத்தியானம் வந்து, நீ என்ன செஞ்சேன்னு கேட்டேன். சும்மாதான் இருந்தேன்னா. எங்கயாவது கூட்டமா இருந்துச்சான்னு என்னைக் கேட்டா. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான் பேண்டுக்காரனத்தான் எடுத்தேன். இவளப் பாக்கவே இல்ல மேடம்." பிரிண்டை என் பக்கம் நகர்த்தி, "லென்ஸ் வச்சுப் பாத்துச் சொல்லுங்க. இவ எங்க பாக்கா?" என்றார்.

பார்த்தேன். பெஞ்சில் இருந்த மற்றவர்கள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் மட்டும் நேராக இருந்தது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. "உங்களைத்தான் சார்" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பேண்டுக்காரன் படம் எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருந்தாளே. நீங்களும் இருந்தீங்கள்ல ஒரு நாள்?" என்றார். இருந்தேன் என்றேன். "பேண்டுக்காரன எடுத்தேன்னு நான் அவகிட்ட சொல்லவே இல்ல மேடம்" என்றார்.

அக்கா அன்று அவர் பின்னாலேயே பஸ் ஏறினாரோ, வேறு வேலையாக வந்தாரோ, யாருக்குத் தெரியும்? கணவர் எதிரே வந்து நிற்கிறார். கேமராவைத் தூக்குகிறார். தன்னைப் பார்த்துத்தான் தூக்குகிறார் என்று நினைத்திருப்பார். எடுத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போகிறார். பார்த்தாரா, பார்க்கவில்லையா? அந்தப் படம் கழுவி வந்தால் தெரிந்துவிடும் என்று ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அந்த டப்பியைப் பார்த்துக்கொண்டு ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறார். அது நிறைவதற்குள் போயும் விட்டார். எனக்குச் சார் மேல் அப்போது வந்தது பரிதாபம் இல்லை, கோபம். ஊர் உலகத்தில் தனியாக நிற்கிறவர்களையெல்லாம் தேடிப் போனீர்களே, வீட்டில் ஒருத்தி இருந்தாளே என்று கேட்க நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே கேள்விதான். அக்கா அந்த நேரத்தில் எப்படி இருந்தார்? 'இந்த மனுஷன் என்ன செய்கிறார் பார்' என்று வேடிக்கையாகச் சிரித்தாரா? அல்லது அழுதாரா?

அதைக் கண்டுபிடிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. முகம் நிழலில் இருந்தது. சைக்கிள் கம்பியின் நுனியில் வட்டமாக வெட்டிய கறுப்பு அட்டையை ஒட்டி, பிரிண்ட் போடும்போது அந்த முகத்தின் மேல் மட்டும் வெளிச்சம் குறைவாக விழும்படி ஆட்டிக்கொண்டே இருப்பார். வெளிச்சம் குறைந்தால் பிரிண்டில் முகம் வெளுத்துத் தெரியும். ஒரு பிரிண்டில் கொஞ்சம் வெளுத்திருக்கும். அதில் அக்கா சிரிப்பது போல இருக்கும். இன்னொன்றில் கொஞ்சம் கறுத்திருக்கும். அதே உதடு, அழப்போகிற உதடாகிவிடும். பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றால் முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிடும். "கிட்டப் போனா வெறும் மணல்தான் மேடம். தள்ளி நின்னாத்தான் இருக்கா" என்றார் ஒரு நாள்.

போதாததற்கு அந்த வெள்ளைப் புள்ளி வேறு. அக்காவின் இடது கண்ணுக்குக் கீழே, கன்னத்தில், ஊசிமுனை அளவுக்கு இருந்தது. எல்லாப் பிரிண்டிலும் அதே இடத்தில் விழுந்தது. "தூசின்னா அடைச்சிருங்க. கண்ணீருன்னா விட்டுருங்க" என்றார். எத்தனையோ ஆயிரம் தூசிகளை அடைத்த கை இது. பார்த்த மாத்திரத்தில் தூசி எது, படம் எது என்று சொல்வேன். இதில் மட்டும் சொல்ல முடியவில்லை. ஃபிலிமை மறுபடி தண்ணீரில் போட்டுக் கழுவிப் பார்த்தார். போகவில்லை. ஈரமாக இருக்கும்போது ஒட்டிய தூசி என்றால் அது எப்போதும் போகாது. ஆகவே, போகாததால் அது கண்ணீர் என்றும் முடிவு கட்ட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் லென்ஸைக் கீழே வைத்து, "தெரியல சார்" என்பேன். "சரி, கெடக்கட்டும்" என்பார்.

அதன் பிறகு அவர் ஃபிலிமை ஊறவிட்டதே இல்லை. ஞாயிறு எடுத்ததை ஞாயிறு சாயங்காலமே கழுவிவிடுவார். அடுத்த வாரம் அதே தெருவுக்குப் போய், படத்தில் இருந்தவரைத் தேடிப் பிடித்து அவர் கையில் ஒரு பிரிண்டைக் கொடுப்பார். மோண்டா மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்கும் அம்மாள் ஒருவர், கூடையில் அந்தப் படத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். ஃப்ரிட்ஜில் இப்போது இடம் தாராளமாக இருந்தது. தயிர் வைக்கத்தான் ஆள் இல்லை.

அக்கா போன பிறகு, வேலைக்குப் போன காலத்திலும் சரி, ரிட்டயர் ஆன பிறகும் சரி, அவர் வீட்டில் டி.வி. ஓடி நான் பார்த்ததில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும் கழுவிக் கவிழ்த்திருக்கும். சில ஞாயிறுகளில் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போய், அக்கா இருந்த பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்து வருவார். ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பஸ்கள் வந்து போயின. எதிர்ப் பக்கத்தில் ஒரு மின்கம்பத்தைக் காட்டினார். "நான் நின்னது அந்த எடம். இங்க இருந்து பாத்தா எவ்வளவு நல்லாத் தெரியுது பாருங்க. கூப்பிட்டா கேக்குற தூரம்தான். அவ கூப்பிடல" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது வழக்கமில்லை, ஆனால் பிடித்துக்கொண்டேன்.

அந்த சனிக்கிழமை வாட்ச்மேன் இருட்டறைக் கதவைத் திறந்துவிட்டபோது உள்ளே கொடியில், துணி மாட்டும் கிளிப்பில், அந்தப் படம் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்து ஓரம் சுருண்டிருந்தது. அவர் போட்டவற்றிலேயே இதுதான் சிறந்த பிரிண்ட். முகம் வெளுக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. நிழலுக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். கன்னத்தில் புள்ளி அப்படியே இருந்தது. சுருட்டி, என் பையில் வைத்துக்கொண்டேன்.

காரியங்களைச் செய்ய சென்னையிலிருந்து அவருடைய அண்ணன் மகன் வந்திருந்தார். நல்ல பிள்ளை. பதினாறாம் நாளுக்காகத் தன் போனில் இருந்த சாரின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார். போன் அதைத் தானே திருத்தியிருந்தது போலும். சுருக்கமெல்லாம் போய், சார் பவுடர் பூசிய மாப்பிள்ளை மாதிரி இருந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சித்தி படம் ஒண்ணுகூட வீட்ல கிடைக்கல ஆன்ட்டி. ரெண்டு பேரையும் சேத்து வைக்கலாம்னு பாத்தேன்" என்றார். பையிலிருந்து அந்தப் பிரிண்டை எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "சித்திய மட்டும் வெட்டி எடுத்துடலாம். கன்னத்துல ஏதோ வெள்ளையா இருக்கே, அதையும் எடுத்துடறேன். ஒரு செகண்ட் வேலை."

"வேண்டாம்ப்பா" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவர் போனை இறக்கிவிட்டார். "அது என் வேலை. உங்க சித்தப்பா என்கிட்ட குடுத்துட்டுப் போன வேலை."

ஜன்னலோரம், என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். சாயத்தைக் கரைத்தேன். பிரஷ் நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கி, லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு குனிந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். இல்லை, என்னை இல்லை. எனக்குப் பின்னால், வெயிலில் கேமராவோடு நிற்கும் ஒருவரைப் பார்த்தார். பிரஷ்ஷைக் கன்னத்துக்கு மேல் பிடித்தபடியே இருந்தேன். கை நடுங்கியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. சாயம் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிட்டது.

எழுந்து, படத்தை வெட்டாமல், பேண்டு வாத்தியக்காரர், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரோடும் அப்படியே சாரின் படத்துக்கு எதிரே வைத்தேன். பக்கத்தில் வைக்கவில்லை. மாலையை அண்ணன் மகன் போட்டார்.

சார், என்னைத் தீர்மானம் பண்ணச் சொன்னீர்கள். நான் பண்ணவில்லை. புள்ளியைத் தொடவும் இல்லை. நீங்கள் இப்போது அக்கா இருக்கும் பக்கம் போயிருக்கிறீர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். இந்தத் தடவை நீங்கள் கூப்பிடுங்கள். கூப்பிட்டு, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.